மீன் வீட்டுக்கு முதல் குடம்

கோவில்பட்டியில் ஒரு சாண் நீள மீன் உயிரோடு நீந்திக்கொண்டிருந்த வீடு எங்கள் வீடு ஒன்றுதான். நான்காம் வகுப்பு படித்தபோது இதை நான் சொல்லாத ஆள் கிடையாது. பிற்பாடு விசாரித்ததில், மெயின் ரோட்டுப் பக்கம் ஒரு டாக்டர் வீட்டிலும் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டிலும் அப்போதே எங்களுடையதைவிடப் பெரிய தொட்டிகள் இருந்தன என்று சொல்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். அந்த மீன்களுக்காக ஒரு தெருவே குடம் தூக்கியதா? எங்கள் மீனுக்குத் தூக்கியது. ஆகவே என் பெருமையில் இன்றுவரை எந்த மாற்றமும் செய்துகொள்ளவில்லை.

அப்பா குட்டியானை லோடு வண்டி ஓட்டினார். தீப்பெட்டிப் பண்டல், கடலைமிட்டாய்ப் பெட்டி, கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போய்வருவார். பங்குனி மாதத்தில் ஒரு நாள் மதுரையிலிருந்து திரும்பியபோது வண்டியில் ஒரு பழைய மெத்தை, மெத்தைமேல் நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, பக்கத்தில் மூடி போட்ட பெயின்ட் வாளி. வாளிக்குள் இரண்டு மீன்கள். ஒரு சைவ ஹோட்டலை இடித்துக் கட்டப்போகிறார்களாம். கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த தொட்டியை யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். லோடு இறக்கப் போன அப்பா, நான் கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டார்.

வாளியை எட்டிப் பார்த்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"குடிக்கத் தண்ணிக்குப் பன்னெண்டு நாளு காத்துக் கெடக்கோம். இதுல மீனுக்குப் பதினஞ்சு குடமா? உங்களுக்குப் புத்தி பெரண்டு போச்சா?"

அப்பா திட்டை வாங்கிக்கொண்டு நின்றார். முகத்தில் சிரிப்புக்கூட இருந்தது. இந்த ஏச்சுக்கு மனுஷன் ஏன் சிரிக்கிறார் என்று நான் நினைத்தேன். அம்மா அப்படிச் சத்தம் போட்டுப் பேசி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அந்தத் தை மாதம் அம்மா திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். எனக்கு ஒரு தம்பி வந்திருக்க வேண்டும். பிறந்து ஒரு நாள்கூட இருக்கவில்லை என்பதை வெகுகாலம் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்கள். அப்போது ஒருவரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மா சமைத்தாள், துணி துவைத்தாள், எனக்குச் சடை பின்னிவிட்டாள். ஆனால் வாசலைத் தாண்டிக் கால் வைக்கவில்லை. முக்கியமாக, தெருமுனைக் குழாயடிக்குப் போகவே இல்லை. அவளை எப்படியாவது பழைய அம்மாவாக ஆக்கிவிட வேண்டும் என்று அப்பா என்னென்னவோ செய்து பார்த்தார். டிவி மாற்றினார், கடம்பூர் போளி வாங்கிவந்தார், திருச்செந்தூருக்குக் கூப்பிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியாக வந்ததுதான் இந்த மீன்.

குழாயடிக்குப் போகாததற்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் எங்கள் தெருத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தண்ணீர் இரண்டு வகை. போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். அது குளிக்கவும் துவைக்கவும். குழாயில் வருவது நல்ல தண்ணீர். அது எட்டு நாளைக்கு ஒருமுறை வரும், கோடையில் பத்து, பன்னிரண்டு என்று தள்ளிக்கொண்டே போகும். நல்ல தண்ணீர் வருகிற நாளில் தெருவில் முதல் வேலை, வீட்டில் மிஞ்சியிருக்கும் பழைய தண்ணீரைக் கொட்டுவது. டிரம், அண்டா, குடம் அத்தனையையும் கவிழ்த்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீருக்குத் தயாராக வைப்பார்கள். பழைய தண்ணீர் மேலேயே புதுத் தண்ணீரை ஊற்றுகிற வீட்டுக்காரியைப் பற்றித் தெரு நாலு வார்த்தை பேசும்.

குழாயடியில் சண்டை வராத நாள் கிடையாது. யார் குடம் முன்னால், யார் குடம் பின்னால், வரிசைக்கு வைத்த கல்லை யார் நகர்த்தினது என்று அன்றன்றைக்கு ஒரு வழக்கு நடக்கும். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் சண்டையே வராது. தெருவில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறதோ, அந்த வீட்டுக் குடம்தான் முதலில் நிறையும். யார் போட்ட சட்டமோ தெரியாது. எவ்வளவு அவசரக்காரியானாலும் அதற்கு ஒதுங்கி நிற்பாள். நிறைந்த குடத்தை யாராவது ஒருத்தி தூக்கிக்கொண்டுபோய் அந்த வீட்டு அடுப்படியில் வைத்துவிட்டு, பிள்ளையையும் பார்த்துவிட்டு வருவாள்.

அந்தத் தை மாதம் முதல் குடம் எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியது. வரிசையில் இனி எங்கே போய் நிற்பது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அவளைப் பார்த்தால் என்ன பேசுவது என்று தெருவுக்கும் தெரியவில்லை. எல்லோரும் பிடித்து முடித்த பிறகு அப்பா போய்ப் பிடித்துவருவார். அவர் லோடு போயிருந்தால் நான் சின்னக் குடத்தோடு போவேன்.

தொட்டிக்கான தண்ணீரை அப்பா தெருவில் கேட்கவில்லை. எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்துக் கிணற்றிலிருந்து கேன் கேனாக வண்டியில் கொண்டுவந்து நிரப்பினார். அதன்பிறகு வாரம் இரண்டு குடம் பழையதை எடுத்துவிட்டு, எங்கள் டிரம்மிலிருந்து இரண்டு குடம் ஊற்றுவார். இருந்தாலும் தெரு சும்மா இருக்குமா? எதிர்வீட்டு அத்தை வாசலில் நின்றுகொண்டு, எங்கள் வீட்டுக்குள் கேட்கிற மாதிரியே பேசினாள்.

"மீனுக்கு மோட்டார் வச்சுக் காத்து குடுக்காவ. இங்கன மனுசனுக்கு ஃபேன் ஓடக் கரண்டு இல்ல."

எதிர்வீட்டு அத்தை எங்களுக்கு உறவு கிடையாது. அம்மா அவளை மைனி என்பாள், அதனால் எனக்கு அத்தை. குழாயடி வழக்குகளுக்கெல்லாம் நீதிபதி அவள்தான். தீர்ப்புச் சொல்கிற குரலிலேயேதான் சாதாரணமாகவும் பேசுவாள்.

மீனுக்குச் செவரம் என்று பெயர். தென் அமெரிக்காவில் ஏதோ ஒரு பெரிய ஆற்றில் பிறக்கிற சாதியாம். அதைக் கரிசல் காட்டுக்குக் கொண்டுவந்து குடித்தனம் வைத்திருந்தோம். பார்வைக்கு முரட்டு ஆட்கள். தட்டையாக, என் உள்ளங்கை இரண்டைச் சேர்த்த அகலத்துக்கு மஞ்சள் உடம்பு, சிவந்த கண். குணமோ நேர்மாறு. துணைக்கு அப்பா வாங்கிவிட்டிருந்த மோலி என்கிற குட்டி மீன்கள் அவர்களின் வாய்க்கு முன்னால் வந்து தீனியைப் பிடுங்கிக்கொண்டு போகும். இரண்டு பேரும் அப்படியே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இது எனக்குக் கொஞ்சம் மானப் பிரச்சினையாக இருந்தது. என் வகுப்பில் ஒருவன் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஃபைட்டர் மீன் வளர்த்தான். உன் மீன் சண்டை போடுமா என்று கேட்டான். போடாது என்றேன். பிறகு அவ்வளவு பெரிய உடம்பு என்னத்துக்கு என்று கேட்டான். "அதைப் பாத்தாலே எல்லாரும் ஒதுங்கிருவாங்க, சண்டை போட வேண்டிய தேவையே வராது" என்று சொல்லிவைத்தேன். மோலிகளைப் பற்றி மூச்சு விடவில்லை.

கடையில் விற்கிற தீனியைவிட அவர்களுக்குக் கீரைதான் உயிர் என்பதைக் கண்டுபிடித்தது அம்மா. சமைக்கும்போது கையில் ஒட்டியிருந்த அரைக்கீரை இலை ஒன்று தொட்டிக்குள் விழுந்திருக்கிறது. இரண்டும் பாய்ந்து வந்து ஆளுக்கொரு பக்கம் பிய்த்தன. சைவ ஹோட்டலில் வளர்ந்ததால் மீனும் சைவமாகிவிட்டது என்றார் அப்பா. நான் அதை நம்பி வகுப்பு முழுக்கச் சொன்னேன். அந்தச் சாதி மீனுக்கே இலைதழை பிடிக்கும் என்பது எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது.

அதற்கப்புறம் அம்மா தினமும் உப்புப் போடாமல் ஒரு பிடி கீரை வேகவைத்தாள். பட்டாணி தோல் உரித்தாள். சாயங்காலம் வேலை முடிந்ததும் முக்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவள் வந்தால் மட்டும் இரண்டும் முன்பக்கக் கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நான் போனால் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரு நாள் அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா, "கொஞ்சம் இருங்க, அவிய இன்னும் சாப்பிடல" என்றாள். யார் அந்த அவிய என்று அப்பா வாசல் பக்கம் பார்த்தார். பிறகு புரிந்ததும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மரியாதையாகக் காத்திருந்தார்.

ஆனி மாதம் காற்று தொடங்கியிருந்தது. தெருவெல்லாம் புழுதி. குழாயில் தண்ணீர் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். என் கையைப் பிடித்துத் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சமையல் மேடை கட்டியபோது மிஞ்சிய கடப்பாக்கல் துண்டு ஒன்றைத் தொட்டிக்குள் போட்டுவைத்திருந்தோம். அந்தக் கறுப்புக் கல்மேல் ரவையை வரிசையாக ஒட்டிவைத்தது போல நூற்றுக்கணக்கில் முட்டைகள். ஒரு மீன் கல்லுக்குப் பக்கத்தில் நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது நகர, இன்னொன்று வந்து அதே இடத்தில் நின்று விசிறியது. மோலிகள் அத்தனையும் ஒரு மூலைக்குத் துரத்தப்பட்டு நடுங்கிக்கொண்டிருந்தன. இதைப் பார்க்க அந்த ஃபைட்டர்காரன் இல்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

அவன் இல்லாவிட்டால் என்ன, தெரு இருக்கிறது. பத்தே நிமிஷத்தில் எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டேன். தை மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் வராதவர்கள் எல்லாம் வந்தார்கள். கதவோரம் தயங்கி நின்றார்கள், பிறகு ஒவ்வொருவராகத் தொட்டிக்கு வந்தார்கள். அம்மா எல்லோருக்கும் முட்டையைக் காட்டினாள். எது ஆண், எது பெண் என்று விளக்கினாள். எதிர்வீட்டு அத்தை நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏட்டி, ஆம்பளையுமா நின்னு விசிறுதான்? எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, அஞ்சு பிள்ளைக்கும் ஒரு நாளு தொட்டிலப் புடிச்சு ஆட்டுனதில்ல."

பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் அப்பா கடம்பூருக்கு லோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போன சிறிது நேரத்திலெல்லாம் குழாயில் தண்ணீர் வந்துவிட்டதாகச் சத்தம் கேட்டது. தெரு முழுக்க டிரம் உருளுகிற ஓசை. அம்மாவும் எங்கள் நீல டிரம்மைக் கவிழ்த்துக் கழுவினாள். நான் வழக்கம்போலச் சின்னக் குடத்தோடு போய் ஓரமாக நின்றேன். எதிர்வீட்டு அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு குழாய்க்குக் கீழே இருந்த குடத்தைக் காலால் தள்ளினாள்.

"எல்லாவளும் குடத்த எடுங்க. மொத குடம் மீன் வீட்டுக்கு."

"மீனுக்கா மைனி?" என்று யாரோ சிரித்தார்கள்.

"முட்டை வச்சுருக்குல்லா? இப்ப தெருவுல பிள்ள பெத்த வீடு அதான்." என் பக்கம் திரும்பினாள். "நீ என்னத்தடி சொப்புக் குடத்தத் தூக்கிட்டு நிக்க? போயி உங்க அம்மையப் பெரிய குடத்த எடுத்துட்டு வரச் சொல்லு."

நான் ஓடினேன். எங்கள் மீனுக்குக் குழாயடியில் முதல் மரியாதை! இதைவிடப் பெரிய செய்தி எங்கள் வீட்டுக்கு அதுவரை வந்ததில்லை. கத்திக்கொண்டே போய்ச் சொன்னேன். அம்மா கழுவிக்கொண்டிருந்த கையோடு அப்படியே நின்றாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பெரிய குடத்தை எடுத்துக்கொண்டு, வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள்.  குழாயடியில் எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். குடம் நிறைகிற வரைக்கும் அம்மா அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கி இடுப்பில் வைத்துவிட்டது எதிர்வீட்டு அத்தை.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் எங்கள் தெருவுக்கு ஒரு நல்ல காரியத்தைப் பாதியில் விடத் தெரியாது. என் குடமும் ஒன்று, என் குடமும் ஒன்று என்று ஆறேழு பேர் பின்னாலேயே வந்துவிட்டார்கள். தொட்டியில் இடம் வேண்டுமே?

"பழசக் கொட்டிருவோம்" என்றாள் எதிர்வீட்டு அத்தை. "பச்ச உடம்புக்காரி. பழைய தண்ணியில எத்தன நாளைக்குக் கெடப்பா?"

நல்ல தண்ணீர் வந்தால் பழையதைக் கொட்டுவது என்பது எங்கள் ஊரில் யாரும் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. டியூபைப் போட்டுத் தொட்டியில் பாதிக்கு மேல் இறக்கி முருங்கை மரத்துக்கு விட்டோம். பிறகு குடம் குடமாகப் புதுத் தண்ணீர் உள்ளே போயிற்று. நெடுநாள் கழித்து வந்த தண்ணீர் என்பதால் நகராட்சியில் மருந்தை அள்ளிப் போட்டிருந்தார்கள். பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கைத் துளைத்தது. சுத்தமான தண்ணீர் என்று எல்லோருக்கும் திருப்தி. அம்மா முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் நன்றாகவே பார்த்தேன்.

பெண்கள் குழாயடிக்குத் திரும்பிப் போனார்கள். நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் மோலிகள் மேலே வந்து வாயைப் பிளந்தன. அப்புறம் விசிறிக்கொண்டிருந்த செவரம் கல்லை விட்டு விலகிக் கண்ணாடியில் முட்டியது. இன்னொன்றும் சுற்றிச் சுற்றி ஓடியது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் மேல்மட்டத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன. மஞ்சள் நிறம் வெளுத்துவிட்டது. பெரியது ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"அம்மா, மீன் சாயுது!"

அம்மா ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள். நம்பரை நான்தான் அழுத்திக் கொடுத்தேன். அப்பா கடம்பூர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா சொன்னதைக் கேட்டதும் அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"புதுத் தண்ணியவா ஊத்துனிய? ரெண்டு மூணு நாளு வெளிய கெடந்த தண்ணியத்தான் ஊத்தணும்னு ஓட்டல்காரர் சொன்னாருல்லா! மருந்துத் தண்ணி ஆவாது. வெரசா எறச்சுட்டுப் பழைய தண்ணிய ஊத்து!"

ஓட்டல்காரர் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பாதான் எங்களிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. எங்கள் டிரம்மில் நாள்கணக்கில் கிடந்த தண்ணீரைத்தானே அவர் எப்போதும் ஊற்றினார்? அந்த டிரம் இப்போது பளபளவென்று கழுவிக் கவிழ்த்திருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போய், காற்று மோட்டார் நின்றது.

அம்மா ஒரு செம்பை எடுத்துத் தொட்டித் தண்ணீரை மொண்டு, கையை உயர்த்தி, டீ ஆற்றுகிற மாதிரி மேலிருந்து ஊற்றத் தொடங்கினாள். மொண்டாள், ஊற்றினாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்.

"பழைய தண்ணி கேளு. எந்த வீட்டுல இருந்தாலும் கேளு. ஓடு."

நல்ல தண்ணீர் வந்த நாளில் பழைய தண்ணீர் கேட்டுக்கொண்டு தெருவில் ஓடிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். எதிர்வீட்டு அத்தைதான் முதல் ஆளாகக் கவிழ்த்துக் கழுவியவள். சங்கதியைக் கேட்டதும் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "நாசமாப் போச்சே, நாமளே விசத்த வச்சுட்டமே" என்று அவளும் என்னோடு ஓடிவந்தாள். அடுத்த வீட்டில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்த வீட்டில் டிரம்மைச் சாய்த்தே விட்டார்கள். நான் போய் டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொட்டாதீங்க, கொட்டாதீங்க என்று கத்தினேன். பாதி வாய்க்காலில் போய்விட்டது. அடியில் இரண்டு குடம் மிஞ்சியது. அதற்கப்புறம் எல்லா வீடும் சுத்தம். எங்கள் தெருப் பெண்களின் சுறுசுறுப்பை நான் அன்று வெறுத்த மாதிரி என்றைக்கும் வெறுத்ததில்லை.

அப்போதுதான் செல்போன் கடை அண்ணாச்சி ஞாபகம் எதிர்வீட்டு அத்தைக்கு வந்தது. கடைசி வீட்டு மாடியில் தனியாகக் குடியிருந்தவர். சாப்பாடெல்லாம் ஹோட்டலில். டிரம்மைக் கழுவுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. தெருக் கொசு முழுவதும் அவர் மாடியில்தான் உற்பத்தியாகிறது என்று அத்தையே பலமுறை போய்ச் சண்டை போட்டிருக்கிறாள். படியேறி வருகிற கூட்டத்தைப் பார்த்ததும் மனிதர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்வாங்கினார்.

"இந்தா கழுவிருதேன் மதினி. இன்னைக்குக் கண்டிப்பாக் கழுவிருதேன்."

"கழுவுனா கையி இருக்காது!" என்றாள் அத்தை. "எத்தன நாளாச்சு தண்ணி புடிச்சு?"

"ஒரு மாசம் இருக்கும்" என்றார் அவர் தலையைக் குனிந்துகொண்டு.

அத்தை அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது. மேலே கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. பெண்கள் மாடிப்படியில் வரிசையாக நின்று குடத்தைக் கை மாற்றி இறக்கினார்கள். அண்ணாச்சி மேலே நின்று மொண்டு கொடுத்தார். தெருவில் யாரும் அவரை நல்ல வார்த்தை சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. அன்று மட்டும் எத்தனை அண்ணாச்சி, எத்தனை மகராசன்! அதற்குப் பிறகும் அவர் அந்த டிரம்மைக் கழுவவில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் வீட்டில் டியூபைப் போட்டுப் புதுத் தண்ணீரை இறக்கினார்கள். அப்போதும் அதை வாய்க்காலில் விட மனம் வராமல் கிடைத்த பாத்திரத்திலெல்லாம் பிடித்துவைத்தார்கள். ஒரு பக்கம் இறங்க இறங்க, மறுபக்கம் அண்ணாச்சியின் தண்ணீரை மெதுவாக ஊற்றினார்கள். அம்மா செம்பைக் கீழே வைக்கவில்லை. எதிர்வீட்டு அத்தை வாங்கப் பார்த்தாள், கொடுக்கவில்லை. புடவை முழுக்க நனைந்து, தலைமுடி முகத்தில் ஒட்டி, மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தாள். பெரிய மீன் சாய்ந்தது சாய்ந்தபடியே கிடந்தது. செவுள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்க, அதைப் பிடிக்க ஆள் இல்லாமல் எங்கள் தெரு நின்றது அந்த ஒரு நாள்தான்.

வாடை குறைந்தது. மோலிகள் முதலில் கீழே இறங்கின, ஒன்றிரண்டைத் தவிர. அப்புறம் சிறிய செவரம் கீழே போய் நின்றது. கரண்டு வந்து மோட்டார் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பெரியதும் மெதுவாக நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. மறுபடி நிமிர்ந்தது. பிறகு சாயவில்லை. ஒரு கொசுப்புழு அதன் முன்னால் நெளிந்துபோக, வாயைத் திறந்து அதை விழுங்கியது.

"தின்னுட்டு! தின்னுட்டு!" என்று நான் குதித்தேன். ஆளாளுக்குப் பெருமூச்சு விட்டார்கள். அப்பாவும் அந்த நேரத்தில்தான் வந்து சேர்ந்தார். கையில் கடையிலிருந்து வாங்கிவந்த ஏதோ மருந்துப் பாட்டில். நிலைப்படியில் நின்று, வீடு நிறைய ஆட்களையும் நனைந்து நிற்கிற அம்மாவையும் பார்த்தார்.

நான் கல்லைப் பார்த்தது அப்போதுதான். கடப்பாக்கல் வெறும் கறுப்பாக இருந்தது. ஒரு முட்டைகூட இல்லை. மணலில் தேடினேன், மூலையில் தேடினேன். பயந்துபோனால் இந்த மீன்கள் தங்கள் முட்டையைத் தாங்களே விழுங்கிவிடும் என்று ஓட்டல்காரர் சொன்னதாக அப்பா சொன்னார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இவ்வளவு பேர் தண்ணீர் சுமந்து காப்பாற்றினால், இந்த மீன் செய்கிற காரியமா இது? கண்ணாடியில் கையால் அடித்தேன்.

"சவத்து மீனு! பிள்ளயத் தின்னுட்டு நிக்கி பாரு!"

அம்மா என் கையைப் பிடித்தாள். கோபமாகப் பிடிக்கவில்லை. தரையில் ஓடிய தண்ணீரைத் துடைக்கத் துணியை எடுத்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

"அவியள ஏசாதட்டி. அவிய என்ன செய்வாவ? முடிஞ்ச மட்டும் விசிறத்தான் செஞ்சாவ. தங்கல, போயிட்டு. உசுரோட இருக்காவல்லா. இன்னொரு தடவ வைப்பாவ."

 மோட்டார் மட்டும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அத்தை, தீர்ப்புக் குரலெல்லாம் போய், "ஆமாட்டி, வைப்பாவ, கண்டிப்பா வைப்பாவ" என்றாள். சொல்லிவிட்டு, அந்த ஈரத் தரையிலேயே அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அம்மா அழத் தொடங்கினாள். அத்தையும் அழுதாள். சுற்றி நின்றவர்களும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அப்பா வண்டியைப் பூட்டினோமா என்று பார்க்க வெளியே போனார். வண்டி பூட்டித்தான் இருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மீன்தான் பிழைத்துவிட்டதே, முட்டையும் இன்னொரு தடவை வைக்கும் என்று அவர்களே சொல்கிறார்களே, இனி எதற்கு அழுகை?   பெரியவர்களுக்கு மீனைப் பற்றி எவ்வளவு அக்கறை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் முதல் வேலையாக அந்த ஃபைட்டர்காரனிடம் போனேன். உன் மீனுக்காக யாராவது ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். அவன் முழித்தான். எங்கள் மீனுக்காக ஒரு தெருவே அழுதது என்று சொல்லிவிட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.